போய்வரும் கப்பல்

"திரும்பி வாறதுக்கெண்டே ஒரு பிரயாணமோ?"

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு பின்னேரம், கோப்பாயிலுள்ள தமது வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி மாமா என்னைக் கேட்ட கேள்வி இது. சிங்கப்பூரில் கப்பலேறி, கிள்ளான் துறைமுகத்தையும் பினாங்கையும் தொட்டுவிட்டு, நான்கு இரவுகள் கழிந்தபின் ஏறிய துறையிலேயே வந்து இறங்குவது என்று நான் விளக்கிச் சொல்லி முடித்ததும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பழைய தமிழாசிரியருக்குரிய நிதானத்தோடு அவர் இவ்வாறு கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். மாமி சிரிக்கவில்லை.

மாமாவுக்கு அப்போது எண்பத்தாறு வயது. மாமி என் தந்தையாரின் கடைசித் தங்கை; எண்பத்திரண்டு வயது. சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் என் மகள், தன் சொந்தச் சம்பாத்தியத்தில் இவ்விருவரையும் ஓர் உல்லாசக் கப்பலில் ஏற்றிப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். துணைக்குப் போகும் பொறுப்பு எனக்கும் என் மனைவிக்கும் வந்து சேர்ந்தது.

மாமாவின் கேள்வி வேடிக்கையானதுதான், ஆனால் அர்த்தமற்றதன்று. நம்மவர் கடலிலே போகாதவர்களல்லர். புகையிலையும் நெல்லும் ஏற்றிப் போனார்கள். உத்தியோகம் தேடிப் போனார்கள். பின்னர் உயிர் பிழைக்கவும் போனார்கள். காரியம் இல்லாமல் ஒருவரும் கடலிலே கால் வைத்ததில்லை. மாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். தம் வாழ்நாளில் அவர் நீரைக் கடந்த பயணங்கள் இரண்டே. ஒன்று, குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு. மற்றது, 1993இல் கிளாலிக் கடல்நீரேரியை இரவோடிரவாக ஒரு சிறு தோணியில் கடந்தது. முதலாவது பிரயாணத்தைப் பற்றி நிறையச் சொல்வார். இரண்டாவதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

கடலோடு மாமிக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை மேலே நடத்த இயலாது.

மாமியின் தந்தை, அதாவது என் அப்பப்பா, 1927இல் மலாயாவுக்குப் போனவர். மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, பரீட்சை தேறி, 'மலாயா றெயில்வே'யில் லிகிதரானவர். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் இதில் புதுமை ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மலாயாவின் றெயில்வேயிலும், பொதுவேலைப் பகுதியிலும், திறைசேரியிலும் நம்மவர் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். மாதம் தவறாமல் மணியோடர் வந்தது, வீடுகள் எழும்பின, பெண்களுக்குச் சீதனம் சேர்ந்தது. மாமா சாய்ந்திருந்த அந்த விறாந்தையும் முன்புறத்து இரண்டு அறைகளும் மலாயாக் காசிலே கட்டியவை. பின்புறம் மட்டும் வெகுகாலம் கிடுகுக் கூரையோடு இருந்தது. காரணம் யுத்தம்.

அப்பப்பா 1940இன் இறுதியில் லீவில் வந்து, 1941 தொடக்கத்தில் "போட்டு வாறன்" என்று சொல்லிக் கொழும்பு றெயில் ஏறினார். வீட்டைவிட்டுப் புறப்படுகிற எந்தத் தமிழனும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை அல்லவா? அவ்வாண்டு செப்டம்பரில் மாமி பிறந்தார். செய்தி கிடைத்துப் பிள்ளைக்குப் பெயர் குறித்து அவர் எழுதிய கடிதம் நவம்பரில் வந்தது. டிசம்பர் 8ஆந் தேதி ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கடிதமும் நின்றது, காசும் நின்றது. யுத்தம் முடிந்து, 1946இல் அப்பப்பாவோடு வேலைசெய்த ஒருவர் ஊருக்குத் திரும்பி வந்தபோதுதான், 1944இலேயே மலேரியாக் காய்ச்சலில் அவர் காலமான செய்தி அப்பம்மாவுக்குத் தெரியவந்தது. தந்தையிடமிருந்து மாமிக்குக் கிடைத்தது அந்தப் பெயர் ஒன்றே.

இவையெல்லாம் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அறிந்த கதை. அறிந்த கதையானபடியால் அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அன்று விறாந்தையில் மாமி ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"கிள்ளான் எண்டது பழைய போர்ட் சுவெட்டனந்தானே தம்பி?"

"ஓம் மாமி, 1972இல் பெயரை மாத்திப் போட்டினம்."

"அப்ப நான் வாறன்."

அந்தப் பதிலின் பாரத்தை உணராமல், கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க நால்வருக்கும் பஸ் ஆசனம் பதிவுசெய்யும்படி மகளுக்கு எழுதினேன்.

சிங்கப்பூரில் கப்பலைக் கண்டதும் மாமா, "இது கப்பலோ, கச்சேரியோ?" என்றார். பக்கவாட்டில் அடுக்கடுக்காகச் சாளரங்கள் கொண்ட அந்த வெள்ளைச் சுவரைக் கப்பல் என்று நம்புவது கடினந்தான். முதியோருக்கென்று சக்கர நாற்காலி கொடுத்தார்கள். மாமி ஏறிக்கொண்டார். மாமா மறுத்துவிட்டு, அந்த நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டே நடந்தார். அவருடைய கௌரவத்துக்கும் முழங்காலுக்கும் அது ஒத்துவந்தது.

கப்பல் புறப்படுமுன் எல்லோரும் ஆபத்துக்காலப் பயிற்சியில் பங்குகொள்ளவேண்டும். 1912இல் 'டைட்டானிக்' மூழ்கியதன் பின் எழுந்த சர்வதேச உடன்படிக்கையின் வழிவந்த விதி இது. 2012இல் இத்தாலியக் கரையோரத்தில் 'கொஸ்ரா கொன்கோர்டியா' கவிழ்ந்த பின்னர், புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனோ பயிற்சி நடக்கவேண்டும் என்று இறுக்கிவிட்டார்கள். அபாய அறிவிப்பு ஏழு குறுகிய ஊதல்களும் ஒரு நீண்ட ஊதலும் என்று விளக்கினார்கள். மாமா என் காதருகே குனிந்து, "எங்கடை இலக்கணத்திலை ஐஞ்சு குறில், ஏழு நெடில். இவை ஏழு குறிலும் ஒரு நெடிலும் வைச்சிருக்கினம்" என்றார். அந்த விதியை நான் இனி மறக்கமாட்டேன்.

முதியோரை அழைத்துச் செல்ல எண்ணும் வாசகருக்கு உபயோகப்படுமென்பதால் என் தவறொன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மாமா மாமிக்கு மேல்தட்டிலே, கப்பலின் முகப்பை அண்டி, கடல் பார்க்கும் முகமாடத்துடன் கூடிய அறையை எடுத்திருந்தேன். எனக்கும் மனைவிக்கும் கீழ்த்தட்டிலே, கப்பலின் நடுப்பகுதியில், சாளரமே இல்லாத மலிவான அறை. பெரியோருக்கு உயர்ந்த இடம் என்ற பெருமை எனக்கு. கப்பலின் அசைவோ நேர்மாறான நியாயம் உடையது. சிறுவர் ஏறியாடும் ஏற்றப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் இருப்பவன் அசைவதில்லை; அந்தத்தில் இருப்பவனே எழும்பி விழுகிறான். உயரத்துக்குப் போகப்போகப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். இக்காலத்துப் பெருங்கப்பல்களின் அடிவயிற்றில் மீன்செட்டை போன்ற இரு தகடுகள் நீரினுள்ளே நீண்டு, ஆட்டத்துக்கு எதிராகத் திரும்பித் திரும்பி அதனைத் தணிக்கின்றன. என்றாலும் முகப்பின் மேல்தட்டு முகப்பின் மேல்தட்டே.

வேறு சிறு சங்கதிகளும் உள. குளியலறை வாசலில் ஒரு சாண் அளவுக்கு எழும்பிய படி உண்டு. இரவில் முதியோர் கால் தடக்குவது அங்கேதான். அந்த இடத்து விளக்கை அணைக்காமல் விடுவது நல்லது. மலசலகூடத்துத் தண்ணீர் 'குபீர்' என்று காற்றோடு உறிஞ்சப்படும் சத்தத்தில் மாமி முதல்நாள் திடுக்கிட்டு வெளியே ஓடிவந்துவிட்டார். குமட்டலுக்கான குளிசைகள் சில முதியோருக்குத் தலைச்சுற்றலையும் மயக்கத்தையும் தரக்கூடும் என்று எங்கள் வைத்தியர் எச்சரித்திருந்தார். ஆதலால் அவரைக் கேளாமல் எதுவும் கொடுக்கவில்லை. பிரஷர் மருந்தின் நேரந்தான் சிக்கலாக இருந்தது. சிங்கப்பூர் மணி நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. மாமி தம் கைக்கடிகாரத்தை மாற்ற மறுத்துவிட்டார். நாலைந்து நாட்களுக்கு ஊர் நேரப்படியே குடிக்கட்டும் என்று வைத்தியரும் சொன்னதனால், பிரயாணம் முழுவதும் மாமியின் மணிக்கட்டில் கோப்பாய் நேரமே ஓடியது. சைவ உணவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். சாப்பாட்டு மண்டப வாசலில் நின்ற சிப்பந்தி ஒவ்வொருவரையும் கை கழுவச் செய்தது மாமியை மிகவும் கவர்ந்தது. "ஆசாரம் தெரிஞ்ச கப்பல்" என்றார்.

முதல் இரவு விடியுமுன் காற்று எழுந்தது. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை திடீரென எழும் சுழல்மழைக் காற்றுக்கு 'சுமாத்திரா' என்றே பெயர். இரவிலே சுமாத்திராவின் பக்கமாகத் திரண்டு, மேற்கிலிருந்து மலாயாக் கரையை நோக்கி விடியற்காலையில் வந்து அடிக்கும். ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஓய்ந்துபோகும். மணிக்கு எழுபது கிலோமீற்றருக்கு மேல் வீசுவதும் உண்டு. பெருங்கப்பலுக்கு அது ஒரு பொருட்டன்று. ஆயினும் மேல்தட்டு முகமாடத்துக் கதவின் இடுக்கில் அது ஊளையிட்டிருக்கிறது. அறை மெல்லச் சாய்ந்து நிமிர்ந்திருக்கிறது. மாமா தொலைபேசியில் என்னை எழுப்பினார். நான் போய்ப் பார்த்தபோது மாமி கட்டிலில் அமர்ந்து, இரண்டு கைகளாலும் கட்டிற் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். விளக்கைப் போடவேண்டாம் என்றார்.

"வெளிச்சம் தெரிஞ்சால் சுடுவாங்கள்."

முப்பது வருஷங்களுக்கு மேலாக அவர் சொல்லாமலிருந்த கிளாலிப் பிரயாணத்தில் நான் கேட்ட ஒரே வசனம் அதுதான். மறுகணமே தம்மைச் சுதாரித்துக்கொண்டு, "என்னவோ கனவு" என்றார். அப்போதே அறைகளை மாற்றிக்கொண்டோம். கீழ்த்தட்டு நடு அறையில் காற்றின் ஓசையும் இல்லை, ஆட்டமும் இல்லை. இயந்திரத்தின் மெல்லிய அதிர்வு மட்டும் இருந்தது; கோப்பாய்ச் சந்தி மில்லின் இரைச்சலைப் போல என்று சொல்லிவிட்டு மாமி உறங்கிப்போனார்.

காலையில் கப்பல் கிள்ளான் நீரிணைக்குள் மெதுவாக நுழைந்துகொண்டிருந்தது. இரு மருங்கும் சேற்றுத் தீவுகள். நீர்விளிம்புவரை கண்டல் மரங்கள். முகமாடத்தில் நின்று மாமி அவற்றை வெகுநேரம் பார்த்தார். பஸ் புறப்படும் நேரத்தை நான் ஞாபகப்படுத்தினேன்.

"கோபுரம் நீங்கள் போய்ப் பாருங்கோ. என்னை அந்த றெயில் ஸ்டேஷனிலை விட்டுவிடு. நான் அங்கை இருக்கிறன்."

எந்த ஸ்டேஷன் என்று கேட்கும் அளவுக்கு நான் மூடனாக இருந்தேன். மாமாதான் என் கையை அழுத்திச் சும்மா இருக்கச் செய்தார்.

உல்லாசக் கப்பல்கள் அணையும் துறை இக்காலத்தில் பூலாவ் இண்டா என்ற தீவில் இருக்கிறது. தீவைக் கரையோடு பாலம் இணைக்கிறது. பழைய போர்ட் சுவெட்டனம் அங்கிருந்து வாடகைக் காரில் ஏறத்தாழ அரைமணி நேர ஓட்டம். பஸ் ஆசனக் காசு போனது போகட்டும் என்று நால்வரும் காரில் ஏறினோம். சாரதி தமிழர், அறுபது வயதிருக்கும்.

"சிலோன்காரங்களா? அந்தக் காலத்துல ஸ்டேஷன் மாஸ்டர்னா சிலோன்காரங்கதான்னு எங்க அப்பா சொல்வாரு" என்றார்.

அந்த வசனத்தில் மரியாதையும் இருந்தது, வேறொன்றும் இருந்தது. மலாயாவில் நம்மவர் மேசையில் இருந்தார்கள். தமிழகத்திலிருந்து சென்றவர்களிற் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத்தில் இருந்தார்கள். ஒரே மொழி பேசிய இவ்விரு கூட்டத்தாரும் நெருங்கிப் பழகியது குறைவு. அதற்கு அவர்களைக் குறை சொல்ல இயலாது. நாமே விலகி நின்றோம்.

மாமி தம் தந்தை போர்ட் சுவெட்டனம் றெயில்வேயில் வேலை பார்த்ததையும் யுத்தத்தில் இறந்ததையும் இரண்டு வாக்கியத்தில் சொன்னார். சாரதி சிறிது தூரம் பேசாமல் காரை ஓட்டினார்.

"எங்க தாத்தாவ ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடக் கொண்டுபோனாம்மா. வரலே."

1942க்கும் 1943க்கும் இடையில் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டினூடாக ஜப்பானியர் போட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். அந்த வெள்ளைக்காரக் கைதிகளின் கதையைப் படமாக எடுத்தார்கள். இவர்களுடைய பெயர்களைக்கூட முழுமையாக எழுதிவைத்தாரில்லை.

"எந்த வருஷம் போனவர்?" என்று மாமி கேட்டார்.

"தெரியாதும்மா. பாட்டி சொல்லக் கேட்டதுதான்."

"எனக்கும் அம்மா சொல்லித்தான் தெரியும்."

அதன்பின் இருவரும் அண்டைவீட்டாரைப் போலப் பேசத் தொடங்கிவிட்டார்கள். வழியில் நின்று இளநீர் வாங்கித் தந்த சாரதி அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கிள்ளான் துறைமுகத்து ஸ்டேஷன் கோலாலம்பூரிலிருந்து வரும் பாதையின் முடிவிடம். இப்போது அங்கே மின்சார வண்டிகள் வந்து திரும்புகின்றன. எதிர்ப்புறத்துத் துறையிலிருந்து கெத்தாம் தீவுக்குப் படகுகள் போகின்றன; நண்டும் இறாலும் தின்னப் போகிறவர்களின் ஆரவாரம். அப்பப்பா இருந்த கந்தோர் எங்கே என்று கேட்டால் சொல்ல ஆளில்லை; நாங்களும் கேட்கவில்லை. இந்தத் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டபோது சதுப்புநிலத்து மலேரியாவால் தொழிலாளர் கூட்டங்கூட்டமாக வீழ்ந்தார்கள். மல்கம் உவாட்சன் என்ற வைத்தியர் நீரை வடித்து, காட்டை வெட்டி, காய்ச்சலை அடக்கினார். வைத்திய சாஸ்திரத்தில் பேர்போன வெற்றி அது. ஜப்பானியர் ஆட்சியில் மருந்தும் பராமரிப்பும் குன்றியபோது, மலாயாவில் அடக்கிய காய்ச்சல் திரும்பிவந்தது. இதையெல்லாம் நான் வாசித்துத் தெரிந்து வைத்திருந்தேன். மாமியிடம் சொல்லவில்லை.

மாமி மேடையிலுள்ள ஓர் ஆசனத்தில் அமர்ந்தார். ஒரு வண்டி வந்தது, போயிற்று. இன்னொன்று வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். சாரதியும் எங்களோடு வந்து நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் நிற்பது அவருக்குச் சங்கடமாயிருந்திருக்கவேண்டும்.

"உங்க பேரு என்னங்கம்மா?"

மாமி நிமிர்ந்தார். நாங்கள் எவரும் கேட்டறியாத விதமாக, தந்தையின் பெயரை முழுமையாக முன்னே வைத்து, அதன்பின் தம் பெயரைச் சொன்னார். பாடசாலை இடாப்பில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்கும் பிள்ளையின் குரல் அது. அந்தப் பெயர்களை இங்கே அச்சிலேற்றுவதை மாமி விரும்பமாட்டார்.

நாலு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பவேண்டும். திரும்பினோம்.

பினாங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கப்பல் அணைந்த துறைக்கும் சுவெட்டனம் என்றே பெயர். "இந்த ஆள் எல்லாத் துறையிலும் பேரை வைச்சிட்டுப் போயிருக்கிறான்" என்று மாமா முறைப்பட்டார். துறைவாசலிலே விக்ரோறியா மகாராணி அறுபதாண்டு அரசாண்டதன் ஞாபகமாக, ஆண்டுக்கு ஓரடியாக அறுபது அடி உயரத்தில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. மாமா அதை அண்ணாந்து அளந்துகொண்டு நின்றார். மாமி சாதிக்காய் வாங்கினார். அதுவும் பேரம் பேசி, விலை குறைத்து.

மறுநாள் முழுவதும் கடல். அன்று என்னென்ன நடக்கும் என்ற நிகழ்ச்சித்தாளை நான் கையில் வைத்திருந்தேன். பத்து மணிக்கு மாயவித்தை, பதினொன்றுக்குச் சமையற் காட்சி, மூன்று மணிக்கு நடனப் பயிற்சி. காசு கொடுத்த பிரயாணத்தில் ஒன்றையும் தவறவிடக்கூடாது என்ற யாழ்ப்பாணத்துப் புத்தி எனக்கு. மாமாவும் மாமியும் நடைத்தளத்தில் நிழலான ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு அசைய மறுத்துவிட்டார்கள். மாமா போகும் வரும் சரக்குக் கப்பல்களை எண்ணினார். உலகத்தில் நெரிசல் மிகுந்த கடற்பாதைகளுள் ஒன்றல்லவா அது. சிங்கப்பூரை அண்டிய ஓரிடத்தில் கப்பற்பாதை மூன்று கிலோமீற்றருக்கும் குறைந்து ஒடுங்குகிறது. எழுபதைத் தாண்டியதும் எண்ணிக்கையை விட்டுவிட்டார். வல்வெட்டித்துறையிற் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் பாய்விரித்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைக்குப் போய்ச் சேர்ந்த கதையை அருகிலிருந்த ஓர் அவுஸ்திரேலியத் தம்பதிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் வியந்து கேட்டார்கள். மாமி என்னைப் பார்த்து, "அதுவும் திரும்பி வரேல்லை எண்டதை இவர் சொல்லமாட்டார்" என்றார்.

பின்னேரம் நான் தேநீர் கொண்டுபோனபோது இருவரும் பேசிக்கொண்டிருக்கவில்லை. மாமியின் காலடியில் செருப்புக் கிடந்தது; வெறுங்காலை நீட்டி, கைப்பிடிக் கம்பியின் கீழ்ச்சட்டத்தில் வைத்திருந்தார். கோப்பாயில் எந்தப் பின்னேரத்திலும் மாமி அப்படிக் கால் நீட்டி இருந்ததை நான் கண்டதில்லை.

சிங்கப்பூரில் விடிந்தது. சிப்பந்திகள் கட்டில் விரிப்புகளை அவசரமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெட்டிகள் இரவே இறங்கிவிட்டன. இறங்குமுன் மாமி சாளரத்தண்டை நின்று, கீழே துறைமேடையில் வரிசையாக ஏற்றப்படும் மரக்கறிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தக் கப்பல் இனி எப்ப போகும்?"

"இண்டைக்குப் பின்னேரமே போகும் மாமி. வேறை ஆக்கள் ஏறுவினம்."

"திரும்பி எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை காலமை."

மாமி விரலை மடக்கி நாளை எண்ணினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, குளிசைப் பையை எடுத்துக்கொண்டு, மாமாவைக் கூப்பிட்டார்.